எங்கள் வீட்டு அமெரிக்கா

ரானுயி,
6 மார்ச் 2025

அன்புள்ள புஷ்பம்,

நீர் பிரியந்தி வீட்டுக்குப் போய் இன்றைக்கு ஐந்து நாள். போன் எடுத்தால் பேத்திதான் எடுக்கிறாள். "கிரான்மா இஸ் ரெஸ்ரிங்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். நேற்று மகளைப் பிடித்துக் கேட்டேன். "அம்மா உங்களோட போனில கதைக்க மாட்டாவாம் அப்பா. சொல்ல இருக்கிறதை எழுதட்டாம்" என்றாள். கலியாணம் கட்டி முப்பத்தெட்டு வருசத்துக்குப் பிறகு ஒரே ஒக்லண்ட் நகரத்துக்குள் ரானுயியிலிருந்து பாபடோயிட்டோய்க்கு முத்திரை ஒட்டிப் பெண்சாதிக்குக் கடிதம் போடுகிற மனிசன் நான் ஒருவன்தான் இருப்பேன். பரவாயில்லை, எழுதுகிறேன்.

நான் செய்த பிழை என்ன என்று எனக்கு விளங்கவில்லை. சனிக்கிழமை ஏவன்டேல் மண்டபத்தில் மூத்தோர் சங்கத்தின் பட்டிமன்றம். வருசா வருசம் நடக்கிறதுதான். போன வருசம் பிள்ளைகளுக்குத் தமிழ் தேவையா இல்லையா என்று கத்தினோம். இந்த வருசம், சிரியாவில் டிசம்பரில் ஆட்சி விழுந்த பிறகு, நான்தான் தலைப்புக் கொடுத்தேன்: அரபு மக்களின் எழுச்சியில் அமெரிக்கா செய்தது துணையா, துரோகமா? செல்வரத்தினத்தார் துணைக் கட்சி. நான் துரோகக் கட்சி. நடுவர் ரங்கநாதன் சார், தன்னுடைய தமிழ்நாட்டுப் பகிடிகளோடு.

செல்வரத்தினத்தார் நன்றாகத்தான் பேசினார். லிபியாவில் பெங்காசிச் சனத்தைக் கொல்ல ராணுவம் வாசலுக்கு வந்து நின்றபோது அமெரிக்க விமானம் போகாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டார். அதற்கு நான் தொண்ணூற்றொன்றுக்குப் போனேன். ஈராக் சனத்தை எழும்புங்கள் என்று அமெரிக்க ஜனாதிபதியே சொன்னார். சனம் எழும்பியது. அமெரிக்கப் படை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தூரத்தில், பத்திரமான இடத்தில் இருந்துகொண்டு "நில், நாங்கள் வருகிறோம்" என்று சொல்கிறவன், வராவிட்டால் அந்தச் சாவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றேன். சனத்துக்கு இன்னும் கிட்டப் போகட்டும் என்று வன்னியிலிருந்து ஓர் உதாரணமும் சொன்னேன். பிறகு கைதட்டல். தீர்ப்பு எங்கள் பக்கம்.

எனக்குச் சால்வை போடும்போது குசினிப் பக்கம் பார்த்தேன். தேத்தண்ணிக் கேத்தில் கொதித்தபடி நின்றது. உம்மைக் காணவில்லை. வீட்டுக்கு வந்தால் உம்முடைய பையும் இல்லை.

அது வெறும் உதாரணம் புஷ்பம். மேடையில் எல்லோரும் சொல்வதுதான். நேற்று நெற்றியில் சாம்பல் பூசப் போன இடத்தில் பாதர் உம்மை விசாரித்தார். தடிமன், காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
வின்சென்ற்


பாபடோயிட்டோய்,
12 மார்ச் 2025

பிரியந்தியின் அப்பாவுக்கு,

எனக்குத் தடிமன் இல்லை. தவக்காலம் தொடங்கிய அன்றே பாதருக்குப் பொய் சொல்லிவிட்டீர்கள்.

நீங்கள் பேசியபோது நான் குசினி யன்னலுக்கு உள்ளே நாற்பது கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். உங்களுடைய பேச்சை நான் கவனித்துக் கேட்பது குறைவு. வீட்டில் தினமும் கேட்கிறதுதானே. ஆனால் அன்றைக்குக் கேட்டேன். "இதே ஒக்லண்டில் இருக்கிற ஒருவர், வன்னிக் கரையில் நின்ற தன்னுடைய மைத்துனருக்குப் போனில் சொன்னார்: கடலேரியைக் கடந்து ராணுவப் பக்கம் போகாதீர்கள், அமெரிக்கக் கப்பல் வருகிறது. அம்மாவின் வெள்ளைச் சேலையைத் தடியில் கட்டிக் கரையில் நில்லுங்கள், கப்பல்காரனுக்குத் தெரியும்." இதுதான் உங்களுடைய உதாரணம்.

அந்த உதாரணத்துக்குள் அம்மாவின் சேலை எங்கிருந்து வந்தது?

என்னுடைய அம்மா விதவையாகி இருபது வருசம் உடுத்திய வெள்ளைச் சேலை அது. அவ செத்த பிறகு சூசை அண்ணா அதைப் பெட்டியில் வைத்து, மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசிக் கரை வரைக்கும் கொண்டு திரிந்தார். அண்ணா செல்குண்டு விழுந்து செத்து, ரத்னா மச்சாளும் பிள்ளையும் முகாமுக்கு வந்த பிறகு மச்சாள் எனக்குப் போன் எடுத்தா. சேலை தடியில் கட்டியபடி கிழிந்துபோயிற்று என்று சொன்னா. யார் கட்டினது என்று கேட்டேன். "நான்தான்" என்றா. ஏன் மற்றச் சனத்தோடு கடந்து வரவில்லை என்று கேட்டேன். "நான்தான் வேண்டாம் எண்டனான்" என்றா.

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் பக்கத்தில் கதிரையில் இருந்தீர்கள். "என்ர அண்ணாவையும் திண்டாய், அம்மாவின்ர சேலையையும் கிழிச்சாய்" என்றேன். கிளிநொச்சிக்காரி, எங்கள் வேதமும் இல்லை, அண்ணா விரும்பிக் கட்டினவள், தன்னுடைய மண்ணை விட்டு வரமாட்டேன் என்று அவரைப் பிடித்து வைத்துச் சாகடித்தாள் என்று சொல்லாத ஆள் இல்லை. பதினாறு வருசம் அவவோடு கதைக்கவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

ஒரே கேள்வி. அண்ணாவிடம் நிற்கச் சொன்னது நீங்களா? ஓம் அல்லது இல்லை. பேப்பரில் எழுதுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

புஷ்பமலர்


ரானுயி,
17 மார்ச் 2025

புஷ்பம்,

ஓம்.

இந்த ஒரு சொல்லோடு நிறுத்தத்தான் நினைத்தேன். உமக்கு என்னைத் தெரியும், என்னால் நிறுத்த முடியாது.

2009 ஏப்ரல் 18, சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. நீர் முதியோர் இல்லத்தில் வேலை. நான் பஸ் ஓடிவிட்டு வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. போன் அடித்தது. அங்கே ஒரு போனுக்கு நூறு பேர் வரிசையில் நிற்பார்களாம், சூசை அவசரமாகத்தான் கதைத்தான். "அத்தான், சனம் கடலேரியைக் கடக்க ஆயத்தப்படுத்துது. போறதோ நிக்கிறதோ? வெளியில இருக்கிற உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும்" என்றான்.

அந்தக் கிழமைதான் நாங்கள் எல்லோரும் பதாகை பிடித்துவிட்டு வந்திருந்தோம். கூட்டத்தில் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்த மின்னஞ்சலை வாசித்தார். சனத்தை ஏற்றக் கப்பல் அனுப்பலாம் என்று பேச்சு இருக்கிறதாம். அதைக் கேட்டுச் சிலர் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் சூசைக்கு நான் "அனுப்பலாமாம்" என்று சொல்லவில்லை. "கப்பல் வெளிக்கிட்டுட்டுது" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பதினாறு வருசமாக யோசிக்கிறேன். அவன் குரலில் இருந்த பயத்துக்கு "அனுப்பலாமாம்" போதாது போல இருந்தது. சேலையையும் நான்தான் சொன்னேன். இரண்டு நாள் பொறு என்றேன்.

இரண்டாம் நாள் ஆயிரக்கணக்கில் சனம் கடந்து போனது. சூசை கரையில் நின்றான். மே பன்னிரண்டு வரைக்கும் நின்றான்.

2011இல் ஒருநாள் நீர் பிட்டும் மீன்குழம்பும் வைத்துக் கூப்பிட்டபோது நான் வேண்டாம் என்று எழும்பிப் போனேன். உமக்கு ஞாபகம் இருக்காது. அன்றைக்குத்தான் பெங்காசிக்கு விமானம் போனது. ரிவியில் காட்டினார்கள். அப்போ அவர்களால் முடியும். நினைத்தால் வருவார்கள். இரண்டே வருசத்துக்கு முந்தி எங்களுக்கு ஏன் வரவில்லை? அன்றையிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். எகிப்தில் முப்பது வருசம் தாங்கிப் பிடித்த ஆளைச் சனம் கூடின பிறகு மெல்லக் கைவிட்டார்கள். பஹ்ரைனில் தங்களுடைய கடற்படை நிற்கிற ஊரிலேயே சனத்தை அடித்தபோது கவலை தெரிவித்ததோடு சரி. சிரியாவில் நச்சு வாயு போட்டால் பொறுக்கமாட்டோம் என்று கோடு கீறினார்கள். அந்தக் கோட்டைத் தாண்டியபோது பேச்சுவார்த்தை நடத்தினார்கள். எங்கே வருவார்கள், எங்கே வரமாட்டார்கள் என்பதற்கு ஒரு விதியைக் கண்டுபிடித்துவிட்டால் எனக்கு நித்திரை வரும் என்று நினைத்தேன். நீர் அதை என்னுடைய பேப்பர்ப் பைத்தியம் என்று சொல்வீர்.

உமக்குச் சொல்லப் பயமாக இருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

வின்சென்ற்


பாபடோயிட்டோய்,
25 மார்ச் 2025

பிரியந்தியின் அப்பாவுக்கு,

கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. இரண்டு ரெயில் மாறி வேலைக்குப் போய் வந்து, பேத்தியைக் குளிக்கவார்த்து, இன்றைக்குத்தான் பேனை பிடிக்கிறேன். உண்மையைச் சொன்னால் நான் நன்றாகக் களைத்துப் போனேன். அழக்கூடப் பஞ்சியாக இருக்கிறது.

மேடையில் நீங்கள் சொன்ன ஒரு வசனம் எனக்குப் பாடம். தூரத்தில் பத்திரமாக இருந்துகொண்டு "நில், வருகிறோம்" என்று சொல்கிறவன் வராவிட்டால் அந்தச் சாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லோரும் கைதட்டினார்கள். சால்வையும் போட்டார்கள். நீங்கள் வென்றுவிட்டீர்கள் வின்சென்ற் ஐயா. இப்போது பதில் சொல்லுங்கள். அமெரிக்காவைத் தேடி வாசிங்டன் வரைக்கும் போகத் தேவையில்லை. எங்கள் வீட்டு அமெரிக்கா நீங்கள்தான். ரானுயியில் சப்பாத்தோடு நின்று போனில் கப்பல் விட்டீர்கள்.

முப்பத்தெட்டு வருசத்தில் உங்களுடைய பெயரைச் சொல்லி எழுதியது இதுதான் முதல்தரம். கோபத்தில் வந்தது, வெட்டாமல் விடுகிறேன்.

வருசா வருசம் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கிறீர்கள். பாதருக்குச் சொல்லியிருப்பீர்கள். அவரும் ஐந்து அருள்நிறைந்த மரியே சொல்லச் சொல்லியிருப்பார். அதோடு கடன் தீர்ந்தது என்று வந்து பக்கத்தில் இருந்து, நான் மச்சாளைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்திருப்பீர்கள். பாதருக்குச் சொல்லலாம், ஏவன்டேல் மண்டபத்தில் நூறு பேருக்கு மைக்கில் சொல்லலாம், எனக்கு மட்டும் சொல்ல முடியாது.

எங்களோடு வேலை செய்கிற சிரியாக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள், ஹோம்ஸ் என்ற ஊர். அவளுடைய தம்பியும் ஊர்வலத்துக்குப் போய்ச் செத்தவன். போன கிழமை படுக்கை விரிக்கும்போது அவளிடம் உங்களுடைய தலைப்பைக் கேட்டேன், துணையா துரோகமா என்று. அவள் விரிப்பின் நுனியை மடித்துச் செருகினாள். பிறகு சொன்னாள், என் தம்பியை அமெரிக்கா சுடவில்லை, சுட்டவன் வேறு ஆள், அவனை மறந்துவிட்டு எல்லோரும் அமெரிக்காவைப் பற்றியே கதைக்கிறீர்கள் என்று. இன்னொன்றும் சொன்னாள். வருவோம் என்று சொன்னவர்கள் வராவிட்டால் போகட்டும், செத்த பிறகாவது வந்து எங்களோடு இருந்திருக்கலாம் என்று.

அதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அண்ணாவைக் கொன்றது நீங்கள் இல்லை. அது எனக்குத் தெரியும், இந்தக் கோபத்திலும் தெரியும். ஆனால் ஊரில் அயலவன் செத்தாலும் போய்த் துக்கம் விசாரிக்கிறோம். நீங்கள் ரத்னா மச்சாளுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கதைக்காதது கோபத்தில். நீங்கள் கதைக்காதது எதனால் என்று இப்போதுதான் தெரிகிறது.

அவவுக்கு உண்மையைச் சொல்லுங்கள். அதுவரைக்கும் நான் ரானுயிக்கு வரமாட்டேன்.

புஷ்பமலர்


ரானுயி,
31 மார்ச் 2025

புஷ்பம்,

உம்முடைய கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நீர் மேடை ஏறியிருந்தால் செல்வரத்தினத்தார் பாவம்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாரும். அமெரிக்காவிடம் கப்பல் இருந்தது. அனுப்பவில்லை. என்னிடம் என்ன இருந்தது? ஒரு பஸ், அதுவும் நகரசபை வழியில் ஓடுகிற பஸ். கப்பல் இருந்தும் விடாதவனையும் கப்பலே இல்லாதவனையும் ஒரே தட்டில் வைக்கலாமா? நான் நம்பினதைத்தான் சொன்னேன். எழுச்சி செய்கிற எந்தச் சனத்துக்கும் நம்பிக்கையும் தேவைதானே. சிரியாவில் பதின்மூன்று வருசம் யாருமே வராமல், கடைசியில் அந்தச் சனமே ஆட்சியை விழுத்தவில்லையா?

இவ்வளவும் எழுதிவிட்டு வாசித்துப் பார்க்கிறேன். மறுபடி பட்டிமன்றம் பேசுகிறேன். வெட்டிவிட மனம் வரவில்லை, உமக்குத் தெரியட்டும் என்று விடுகிறேன்.

ரத்னாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள தங்கச்சி, நலமா? இங்கே மழை தொடங்கிவிட்டது" என்பது வரைக்கும் வந்தது. பதினாறு வருசத்துக்குப் பிறகு எழுதுகிறவன் மழையைப் பற்றி எழுதுகிறான். ஆறு தாள் கிழித்தாயிற்று. நீர் முதலில் அவவோடு ஒரு வார்த்தை கதைத்து, இவர் எழுதப் போகிறார் என்று சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

நேற்று ஞாயிற்றுச் சந்தைக்குப் போனேன். நீர் இல்லாமல் நான் வாங்கின முருங்கைக்காய் எல்லாம் முற்றல்.

வின்சென்ற்


பாபடோயிட்டோய்,
9 ஏப்ரல் 2025

பிரியந்தியின் அப்பாவுக்கு,

உங்களுக்கு லேசாக்க நான் போன் எடுக்கவில்லை. எனக்காகத்தான் எடுத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி, நான் ஏன் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

மன்னாரில் இருக்கிற சின்னம்மாவின் மகனிடம் நம்பர் வாங்கினேன். மச்சாளின் மகள் இப்போது கிளிநொச்சியில் பள்ளிக்கூட ரீச்சராம். மச்சாள்தான் எடுத்தா. "ஆர்?" என்றா. "புஷ்பம்" என்றேன். கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சுகமா இருக்கிறியளோ மச்சாள்? முழங்கால் நோ இப்ப எப்பிடி?" என்று கேட்டா. எனக்கு முழங்கால் நோ இருப்பது அவவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறா.

அழுதபடி எல்லாவற்றையும் கொட்டினேன். பட்டிமன்றம், சேலை, நீங்கள் ஓம் என்று எழுதியது, எல்லாம். முடிந்த பிறகு சொன்னா. சொன்னது போலவே எழுதுகிறேன்.

"எனக்குத் தெரியும் மச்சாள். அண்டைக்குப் போன் எங்கட ரெண்டு பேற்ற காதுக்கும் நடுவிலதான் இருந்தது. அத்தான் கதைச்சதெல்லாம் நானும் கேட்டனான்."

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நான்தான் வேண்டாம் என்றேன், நான்தான் கட்டினேன் என்று ஏன் பொய் சொன்னீர்கள், நான் அவ்வளவு கேவலமாகத் திட்டினேனே என்றேன்.

"நீங்கள் அண்ணனையும் இழந்திட்டியள். புருசனையும் வெறுத்துப்போட்டு அந்தத் தூர நாட்டில என்ன செய்வியள்? என்னைத் திட்டினா உங்களுக்கு ஆறும் எண்டு நினைச்சன். நானும் இஞ்ச தனிய, உங்கட ஏச்சு எனக்குப் பெரிசில்லை."

நான் போனை வைத்துவிட்டு பிரியந்தியின் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். பேத்தி கதவுக்குக் கீழே ஒரு பேப்பரைத் தள்ளினாள். பென்சிலால் ஒரு முகம் கீறியிருந்தாள். அதை இந்தக் கடிதத்தோடு வைக்க நினைத்தேன், வேண்டாம், என்னிடமே இருக்கட்டும்.

எங்கள் குடும்பம் உடையாமல் இருந்தது உங்களுடைய சாமர்த்தியத்தாலும் இல்லை, என்னுடைய பொறுமையாலும் இல்லை. நான் திட்டித் தீர்த்த அந்தப் பெண் பதினாறு வருசம் வாயை மூடியிருந்ததால்.

இப்போது சொல்லுங்கள், என்ன செய்யப் போகிறீர்கள்?

புஷ்பமலர்


ரானுயி,
14 ஏப்ரல் 2025

புஷ்பம்,

என்னால் நெடுக எழுத முடியவில்லை. அவவுக்குத் தெரியும் என்பதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. எல்லா நாட்டையும் பற்றி நினைத்தேன்.

நேரில் போய்ச் சொல்வதுதான் முறை என்று தெரிகிறது. இப்போது அங்கே வெயில் கொளுத்தும். எனக்கும் ஜூனில் கண் சத்திரசிகிச்சைக்கு நாள் தரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இங்கே குளிர்காலம் முடிய, செப்ரெம்பரில் போகலாம் என்று இருக்கிறேன். அவவுக்கு அப்படிச் சொல்லிவிடும், வருவார் என்று.

வின்சென்ற்


பாபடோயிட்டோய்,
19 ஏப்ரல் 2025, பெரிய சனி

பிரியந்தியின் அப்பாவுக்கு,

சொல்லமாட்டேன். வருவார் என்று நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் இருந்து கடைசியாகப் போனது 2009இல்.

அண்ணாவை இரண்டு நாள் பொறு என்றீர்கள். மச்சாளை ஐந்து மாதம் பொறு என்கிறீர்கள். அவ பொறுப்பா, அவவுக்கு அது பழக்கம். நீங்கள் பழக்கியது.

உங்களுக்கு ஒரு கப்பலும் வராது. எழும்பிப் போங்கள்.

பு.


கிளிநொச்சி,
13 மே 2025

அன்புள்ள புஷ்பம்,

நேற்றுக் காலை வந்து சேர்ந்தேன். பங்கு மனையில் ஓர் அறை தந்திருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை எழுதிப் படம் பிடித்துப் பிரியந்தியின் வட்ஸ்அப்புக்கு அனுப்பும்படி இங்கே இருக்கிற பாதரிடம் சொல்லியிருக்கிறேன். தபாலில் விட்டால் எனக்கு முந்தி வராது.

விமானத்தில் பேச்சு ஆயத்தப்படுத்திக்கொண்டு வந்தேன். உமக்குத் தெரியும்தானே. எங்கே தொடங்குவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்று. சூசையின் நினைவு நாள் பூசை முடிந்து ரத்னா வீட்டுக்குப் போனேன். படலையைத் திறந்துகொண்டு நின்ற என்னை அவ பார்த்தா. "வாங்கோ" என்று சொல்லவில்லை. கதவில் இருந்து கொஞ்சம் விலகி நின்றா, அவ்வளவுதான். எனக்கு முதலில் முகத்தில் அறைந்தது போல இருந்தது. பிறகுதான் விளங்கியது. செத்த வீட்டுக்கு வருகிறவரை வாங்கோ என்று கூப்பிடுவதில்லை. பதினாறு வருசம் பிந்தி வந்தவனைத் துக்கத்துக்கு வந்தவனாக அவ ஏற்றுக்கொண்டா. நான் உள்ளே போய்க் கதிரையில் இருந்தேன். ஆயத்தப்படுத்திய பேச்சில் ஒரு சொல்லும் வரவில்லை. அழுதேன். அவ பக்கத்தில் இருந்தா. சூசையின் படத்துக்குக் கீழே மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. மாலையை மகள் கட்டியிருக்கிறாள். தேவாலயத்துக்குப் போகாத மனுசி, படத்துக்குக் கீழே செபமாலையும் வைத்திருக்கிறா.

நான்தான் நிற்கச் சொன்னேன், கப்பல் வெளிக்கிட்டதென்று பொய் சொன்னேன், என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். அவ தலையை ஆட்டினா. ஓம் என்றும் எடுக்கலாம், போதும் என்றும் எடுக்கலாம். பிறகு தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு ஒன்று கேட்டா.

"அத்தான், நீங்கள் கனக்க வாசிக்கிறனீங்கள் எண்டு சொல்லுவினம். உண்மையா அந்தக் கப்பல் எங்கையாவது வெளிக்கிட்டதோ? கடலில எங்கையாவது நிண்டதோ? நாங்கள் பாத்துக்கொண்டு நிண்ட பக்கம் சரிதானோ?"

புஷ்பம், பெங்காசிக்கு எத்தனை மணிக்கு முதல் விமானம் போனது என்று என்னைக் கேளும், சொல்லுவேன். பஹ்ரைனில் எத்தனை கப்பல் நிற்கிறது என்று கேளும். பதினாலு வருசம் உலகத்தை வாசித்தேன். அந்த ஒரு கப்பலைப் பற்றி நான் ஒருநாளும் தேடிப் பார்க்கவில்லை. இல்லை என்று தெரிந்துவிடும் என்று பயம். அவவுக்கு நான் சொன்ன பதில்: "தெரியாது தங்கச்சி." அவ பரவாயில்லை என்றா. அந்தப் பரவாயில்லையை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

போகும்போது ஒரு பையைத் தந்தா. அம்மாவின் சேலை. அரைவாசிதான் இருக்கிறது. தோய்த்து மடித்து வைத்திருக்கிறா, தடியில் கட்டிய முடிச்சுத் தடம் இன்னும் போகவில்லை. இதை முகாமுக்குள்ளேயும் கொண்டு போயிருக்கிறா. உமக்குத்தான் சேர வேண்டும் என்றா. துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாதென்று பேசாமல் எழும்பி வந்தேன். படலை வரைக்கும் வந்துவிட்டு, "நாளைக்குச் சாப்பாட்டுக்கு வாங்கோ" என்றா.

திரும்பி வர விமான ரிக்கற் இருபத்திரண்டாம் திகதிக்கு. சேலையை உமக்குக் கொண்டுவரட்டோ, அவவிடமே விட்டுவிட்டு வரட்டோ? நான் எந்த வீட்டுக்கு வருவது என்றும் தெரியாது. ரானுயியில் தனியே நில்லும் என்றாலும் நிற்பேன். இந்த முறை தூரத்தில் இருந்து சொல்ல வேண்டியவர் நீர். எதைச் சொன்னாலும் உண்மையைச் சொல்லும்.

வின்சென்ற்


பாபடோயிட்டோய்,
14 மே 2025

பிரியந்தியின் அப்பாவுக்கு,

சேலையைப் பாதி பாதியாகக் கிழிக்கச் சொல்லி மச்சாளைக் கேளுங்கள். இனி அது கிழிந்தால் பாவமில்லை. அவவுக்கு ஒரு பாதி, எனக்கு ஒரு பாதி.

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. எப்போது போகும் என்று எனக்கே தெரியாது, அதனால் போய்விடும் என்று எழுதமாட்டேன். ரானுயிக்கு வருவேன். அடுத்த கிழமையா அதற்குப் பிறகா என்றும் எழுதமாட்டேன்.

மகளின் வீட்டிலிருந்து விமான நிலையம் பத்து நிமிசம். இருபத்திரண்டாம் திகதி விமானத்தில் ஏறி இங்கே வந்து இறங்கும்போது வெளிவாசலில் நான் நிற்பேன். நிற்பேன் என்றால் நிற்பேன்.

புஷ்பம்